பொறி பறக்கும் முன்பே

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் பள்ளி போட்டோ கிளப்பில் இந்த மாதத் தலைப்பு ‘பொறி’யாமே. “இதுக்கு எங்க போறது மாமா, சிவகாசிக்கா?” என்று கேட்டிருந்தாய். அவ்வளவு தூரம் வேண்டாம். சாயங்காலம் முடிச்சூர் சாலையில் அப்பாவோடு ஒரு நடை போய்விட்டு வா. கிரில் கேட் அடிக்கும் பட்டறை, லாரி பாடி வேலை செய்யும் இடம், கத்தி சாணை பிடிப்பவர் என்று தாம்பரத்தைச் சுற்றிப் பொறிக்குப் பஞ்சமே கிடையாது.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொறியின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவு. கண்ணால் பார்த்து, ‘அட!’ என்று நினைத்து, அப்புறம் பட்டனை அழுத்தினால் அது அணைந்து போயிருக்கும். அடுத்தது எப்போது கிளம்பும், எந்தப் பக்கம் பாயும், அதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு காத்திருப்பவருக்குத்தான் படம் கிடைக்கும். நீ கற்க வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்.

பட்டறையிலிருந்து தொடங்கு. போனதும் கேமராவை நீட்டாதே. “அண்ணா, போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேள். சரி என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் சும்மா நின்று வேலையைப் பார். அவர் இரும்புக் குழாயைக் காலால் மிதித்துப் பிடிப்பார், கண்ணாடியை இறக்கிவிடுவார், கிரைண்டரை ஆன் செய்வார். சக்கரம் வெறுமனே சுற்றும்போது அதன் சத்தம் கீச்சென்று ஏறி நிற்கும். இரும்பைத் தொட்டதும் சுமை தாங்காமல் சத்தம் சட்டென்று கனத்து இறங்கும். பொறி கிளம்புவது அந்தக் கணத்தில்தான். இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டால் உன் விரலுக்கே நேரம் பிடிபட்டுவிடும்.

அந்தப் பொறி என்ன என்று தெரிந்தால் படம் எடுப்பது இன்னும் சுலபம். சக்கரம் சுரண்டி எறியும் இரும்புத் துகள்கள் உராய்வில் சூடேறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தபடியே பறக்கின்றன. இரும்பில் கார்பன் கூடுதலாக இருந்தால் துகள் வழியிலேயே வெடித்துக் கிளைக்கும். கேட் செய்யும் சாதாரண இரும்புக் குழாயில் கார்பன் குறைவு. அதனால் நீளமான, கிளை அதிகம் விடாத கோடுகள் வரும். கத்தியையோ லாரி ஸ்பிரிங் பட்டையையோ சாணையில் வைத்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிதறும். அலுமினியத்திலும் பித்தளையிலும் பொறியே வராது. பொறியைப் பார்த்தே இது என்ன இரும்பு என்று சொல்லக்கூடிய தொழிலாளிகள் உண்டு. தொழிற்சாலைகளில் அது ஒரு சோதனை முறையாகவே இருந்திருக்கிறது. நட்சத்திரம் வேண்டுமென்றால் கேட் பட்டறையில் காத்துக் கிடக்காமல் சாணைக்காரரைத் தேடிப் போ.

இனி கேமரா. கையில் பிடிக்கும் 4 அங்குல கிரைண்டரின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றும். அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 58 மீட்டர். ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்தால் பொறி ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்வதற்குள் மூடிக்கொள்ளும். படத்தில் சின்னச் சின்னக் கீறல்கள்தான் இருக்கும். 1/30 வைத்தால் நீளமான கோடுகள் கிடைக்கும். இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நகர்ந்துகொண்டே இருக்கும் ஒளிக்கோடு எவ்வளவு பிரகாசமாகப் பதியும் என்பதை முடிவு செய்வது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். ஷட்டரால் கூடுவதும் குறைவதும் கோட்டின் நீளம், கோடுகளின் எண்ணிக்கை, பின்னணியின் வெளிச்சம். ஆகவே ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/30 என்று தொடங்கு. கோடுகள் வெளுத்துப்போனால் அப்பர்ச்சரைச் சுருக்கு. பட்டறையின் உட்பக்கம் கன்னங்கரேலென்று விழுந்தால் ஷட்டரை மட்டும் மெதுவாக்கு. ஆட்டோஃபோகஸ் பொறிகளைப் பார்த்துக் குழம்பும். சக்கரத்தின் மேல் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிக்கொள். ஒயிட் பேலன்ஸை வெயில் சின்னத்தில் வை, பொன்னிறம் வெளிறாது. கேமரா இல்லாத உன் தோழிகளும் போனிலுள்ள ‘ப்ரோ’ மோடில் இவற்றில் பலவற்றைச் செய்யலாம்.

பொறி பாயும் திசைக்கு நேரே நிற்காதே, பக்கவாட்டில் நில். சூடான துகள் லென்ஸ் கண்ணாடியில் பட்டால் அப்படியே பதிந்துவிடும், துடைத்தாலும் போகாது. அதனால் முன்னால் ஒரு சாதாரண ஃபில்டரைப் போட்டுக்கொள். பருத்தி உடை உடுத்து. பாலியெஸ்டர் துப்பட்டா வேண்டாம். வெல்டிங் வைக்கும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. அந்த வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் உண்டு. பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல உறுத்தும். வியூஃபைண்டர் வழியாகக்கூட அதைப் பார்க்கக் கூடாது. வெல்டருக்குப் பின்னால் தள்ளி நின்று, சுவரில் விழும் அவர் நிழலை எடு. படமும் நன்றாக இருக்கும்.

கார்த்திகை தீபத்தன்று உனக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது: மாவளி. அடுக்குமாடியில் வளர்ந்த நீ பார்த்திருக்க மாட்டாய். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரைப் பனைகள் இன்னும் நிற்கும் ஊரில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் விசாரித்துப் பார். ஆண் பனையின் பூவைக் காயவைத்து, குழியில் போட்டு எரித்து, சாம்பலாகும் முன் மண்ணைப் போட்டு மூடிக் கரியாக்குவார்கள். அந்தக் கரியை இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்டி, பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிறு பூட்டுவார்கள். முனையில் ஒரு கங்கை வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் காற்று பட்டுக் கரி கனன்று பொறிமழை கொட்டும். இரும்பு நாரைக் கொளுத்திச் சுழற்றி இணையத்தில் போடுகிறார்களே, அதைவிடப் பழைய வித்தை நம்முடையது.

மாவளியைப் படம் எடுக்க முக்காலி கட்டாயம். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 2 நொடி என்று ஆரம்பி. கயிற்றிலிருந்து விடுபடும் பொறி வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் பறக்கும் என்று இயற்பியலில் படித்திருப்பாய். அதைப் படத்தில் அப்படியே பார்க்கலாம். வட்டத்தைச் சுற்றிலும் தாராளமாக இடம் விடு, இல்லாவிட்டால் பொறிகள் ஓரத்தில் வெட்டுப்படும். முழுக்க இருட்டட்டும் என்று காத்திருக்காதே. வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே எடுத்தால் பனையும் வீடும் அடையாளம் தெரியும். தீபம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் கிழக்கே நிலாவும் எழும்பியிருக்கும். மழைக்காலம் என்பதால் கரித்தூள் நனைந்து ஏமாற்றவும் செய்யலாம்.

மின்சார ரயிலின் தலைக்கு மேல் நீலப்பொறி தெறிப்பதைக் கேட்டிருந்தாய். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ரயிலின் பாண்டோகிராஃப் கம்பியை விட்டு ஒரு கணம் விலகும்போது அந்தப் பொறி தோன்றும். ஆனால் அந்தக் கம்பியில் இப்போது ஓடுவது 25,000 வோல்ட். அதன் கீழே செல்ஃபி ஸ்டிக்கை உயர்த்துவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டப்படி குற்றம். 6 மாதம் வரை சிறைகூட உண்டு. குரோம்பேட்டைப் பக்கம் லைனைப் பார்த்த மொட்டை மாடி யாருடையதாவது கிடைத்தால் அங்கிருந்து எடு. இல்லையென்றால் விட்டுவிடு. இழக்கக்கூடிய படம்தான் அது.

பொறியை வெளிச்சமாகவும் பயன்படுத்தலாம். 1851-ல் இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் வேகமாகச் சுழலும் வட்டில் ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டி, இருட்டறையில் ஒரே ஒரு மின்பொறியின் ஒளியில் படம் எடுத்தார். அச்செழுத்துகள் கலங்காமல் பதிந்தன. உன் கேமராவின் ஃபிளாஷ் அந்தச் சோதனையின் வாரிசுதான். தீபாவளிக்கு இதை உல்டாவாகச் செய்து பார்: ஃபிளாஷை அணைத்துவிட்டுக் கம்பி மத்தாப்பின் வெளிச்சத்திலேயே தம்பியின் முகத்தை எடு. தமிழ்நாட்டில் 2018-ல் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தபோது ஒதுக்கிய இரவு 7 முதல் 8 வரை நன்றாக இருட்டியிருக்கும் நேரம்தான். மத்தாப்பை விட்டுவிட்டு முகத்துக்கு எக்ஸ்போஷர் வை. கண்மணியில் விழும் சின்னப் புள்ளிதான் அந்தப் படத்துக்கு உயிர்.

நெருப்பே இல்லாத பொறியையும் எடுக்கலாமா என்று உன் கிளப்பில் யாரோ கேட்டாராமே. தாராளமாக. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போ. பழைய ரேடியோ வாங்க வந்தவர் பேட்டரியைப் போட்டுக் குமிழைத் திருப்புவதைக் கவனி. கரகரப்பு மட்டும் வரும்போது தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, உதட்டை மடித்துக்கொண்டிருப்பார். ஸ்டேஷன் சிக்கியதும் புருவம் இரண்டும் மேலே போகும். அந்தப் புருவம்தான் உன் படம். தலை சாயும்போதே கேமரா தயாராக இருக்க வேண்டும். கிரைண்டரின் சத்தம் கனப்பதும் இவர் தலையைச் சாய்ப்பதும் உனக்குச் சொல்வது ஒரே சேதியைத்தான். உங்கள் வகுப்பில் புரியாத கணக்கு திடீரென்று பிடிபடும் பிள்ளையின் முகத்திலும், சிலம்ப வகுப்பில் முதன்முறை கம்பு கை மாறிச் சுழலும்போதும் இப்படி ஒரு முன்னறிகுறி இருக்கும். தேடிக் கண்டுபிடி.

போட்டிக்கு அனுப்புவது ஒரு படம்தான் என்றாலும் எடுத்ததை எல்லாம் அழிக்காமல் வைத்திரு. எந்த ஷட்டரில் என்ன வந்தது என்று நோட்டில் எழுதிவை. நல்லதாக ஒன்றை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு அந்தப் பட்டறை அண்ணனிடம் கொண்டு போய்க் கொடு. வேலை செய்கிறவரைப் படம் எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விடுவது நம் வழக்கமாக இருக்க வேண்டாம். தவிர, அடுத்த முறை நீ போகும்போது, “பாப்பா, இன்னைக்கு ஸ்பிரிங் பட்டை வெட்டறேன், சீக்கிரம் வா” என்று அவரே கூப்பிடுவார். பொறி எப்போது பறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல அவரைவிட்டால் வேறு யார்?

அன்புடன்,
உன் மாமா