வருமான இலக்கு: செலவிலிருந்து தொடங்குங்கள்

வாய்க்கு வந்த தொகையை இலக்காக வைக்காதீர்கள். மயிலாப்பூரில் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை சேர்த்து மாதச் செலவு 40,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4.8 லட்சம். சம்பளத்தை நம்பாமல் வாழ அதன் 30 மடங்காவது, அதாவது 1.44 கோடி, சேமிப்பாக வேண்டும். முதலீடு ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால், 15 ஆண்டுகளில் அதை எட்ட மியூச்சுவல் ஃபண்டில் மாதம் சுமார் 34,500 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) வேண்டும். ஆக, செலவும் எஸ்ஐபியும் சேர்த்து, வரி போக மாதம் சுமார் 75,000 ரூபாய் கைக்கு வர வேண்டும். விலைவாசி ஏற ஏற இலக்கையும் எஸ்ஐபியையும் உயர்த்துங்கள்.

குறைகிற தொகையைக் கூடுதல் வட்டி ஆசையால் நிரப்பப் பார்க்காதீர்கள். கூடுதல் வட்டி தந்து மக்களிடம் டெபாசிட் வாங்கிய ஆர்பத்நாட் கம்பெனி 1906இல் திவாலாகி, சென்னையில் எத்தனையோ பேரின் சேமிப்பு கரைந்தது. அந்த அடிக்குப் பிறகுதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. குறைகிற தொகையை ஈட்ட மாலை டியூஷனோ, தி.நகர் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுவதோ நல்ல வழி. அந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள்.