இரகசிய எண் யாரிடம் இருக்கிறது?

அங்கத்தினர் ஒருவர் பாவு முடிந்து துணியை அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டார். கூலி அவருடைய பாங்குக் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். அது வந்துவிட்டதா என்று அறிய அவர் பஸ் ஏறி, பாங்கிற்குச் சென்று, வரிசையில் நின்று, பாஸ் புத்தகத்தில் பதிந்து பார்த்துத் திரும்புகிறார். வரவில்லையெனில் மறுபடியும் ஒரு நாள். தறிக்குழியில் அமர்ந்தால்தான் கூலி என்றிருப்பவருக்கு அந்த அரை நாளின் விலை என்னவென்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடை போட்டுவிட்டுப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் விவசாயியின் நிலையும் இதுவே. இத்தனைக்கும் இருவருடைய சட்டைப் பையிலும் கைபேசி இருக்கிறது; அதிலேயே கணக்கைப் பார்க்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஏன் தயங்குகிறார்கள்? இப்பாடத்தில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்.

‘அறியாமை’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவோர் உண்டு. அதை நாம் ஒப்புவதற்கில்லை. ஜக்கார்டு அட்டையின் துளைகளைப் பார்த்தே துணியில் எந்தக் கொடி, எந்தப் பூ விழும் என்று கூறவல்லவரைக் கைபேசித் திரையைப் படிக்க அறியாதவர் என்பது பொருந்தாத பேச்சு.

முதலில், இம்முறை நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இணையவழிப் பாங்கு அலுவல்களுக்கான நெறிமுறைகளை ரிசர்வ் பாங்கு 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டது. அதன் பின்னரும் வெகுகாலம் அது கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கும் ஆங்கிலம் அறிந்தவர்களுக்கும் உரிய வசதியாகவே இருந்து வந்தது. கூட்டுறவு பாங்குகளைப் பொறுத்தவரை, இணையத்தில் பணம் அனுப்பும் வசதியை அளிப்பதற்கு நிகர மதிப்பு ரூ. 50 கோடிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது முதலான நிபந்தனைகளை ரிசர்வ் பாங்கு 2015-ஆம் ஆண்டில் விதித்தது. ஆகவே, அங்கத்தினர் தயங்கினார் என்று மட்டும் கூறுவது நியாயமாகாது. அவர் கணக்கு வைத்திருந்த பாங்கே அந்த வசதியைத் தர இயலாத காலம் ஒன்று இருந்தது.

2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் யு.பி.ஐ. முறை தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. பிறகு 2020-இல் கொள்ளை நோயும் ஊரடங்கும் வந்தன. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் நாட்டில் 2,000 கோடிக்கு மேற்பட்ட யு.பி.ஐ. பரிமாற்றங்கள் நடந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் வழியே பல ஆண்டுகளாகப் பரவாத பழக்கம் தேநீர்க் கடையின் சதுரக் கட்டம் வழியே இவ்வளவு விரைவில் பரவியது எப்படி? நோட்டுத் தட்டுப்பாடு அதற்கு ஓர் உந்துதலாயிற்று என்பது உண்மையே. ஆயினும், தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் பழக்கம் நிலைத்துவிட்டதே! கடைக்காரர் மேசையில் இருக்கும் சிறு பெட்டி, ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று உரக்கக் கூறுகிறது. கொடுத்தவரும் கேட்கிறார், பெற்றவரும் கேட்கிறார், பெஞ்சில் அமர்ந்திருக்கும் நான்கு பேரும் கேட்கிறார்கள். ரசீது வாங்கியே பழகிய நமக்கு அந்தக் குரலே ரசீதாயிற்று.

இதனை விளங்கிக்கொள்ள, வேறு நாட்டு விவசாயிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி பயன்படும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒட்டு மக்காச்சோள விதை எவ்வாறு பரவியது என்பதை ரயன், கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த விவசாயிகள் 259 பேர். இருவரைத் தவிர அனைவரும் இறுதியில் அவ்விதையை ஏற்றிருந்தனர். ஆனால், நல்ல விதை என்று கேள்விப்பட்டவுடன் எவரும் நிலம் முழுவதிலும் விதைத்துவிடவில்லை. பல ஆண்டுகள் பொறுத்திருந்து, முதலில் ஒரு சிறு துண்டில் விதைத்துப் பார்த்த பின்னரே விரித்தார்கள். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் பெரும்பாலும் விற்பனையாளர். மனத்தைத் திருப்பியவரோ பக்கத்து வயல்காரர். பாங்குகளின் விளம்பரங்கள் ஏன் நம் மனத்தில் தைப்பதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

தயக்கத்திற்கான சிறு காரணங்களை விரைவில் கூறிவிடலாம். எழுத்து சிறிது, மொழி ஆங்கிலம், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த கடவுச்சொல், தவறாக இட்டால் கணக்கு முடங்கிவிடுமோ என்னும் அச்சம். விரல் ரேகையை வைத்துப் பணம் எடுக்கும் கருவியோ, நூலிலும் மண்ணிலும் தேய்ந்த விரலைப் பல சமயம் ஏற்பதேயில்லை. இவை துன்பங்களே, எனினும் பழக்கத்தால் ஓரளவு தீர்வன.

பெரிய காரணம் வேறு. பணம் தவறிப் போனால் யாரைக் கேட்பது என்பதே அது. பாங்கில் காசாளர் குறைத்துக் கொடுத்தால் அங்கேயே நின்று வாதாடலாம். கைபேசியோடு எவர் வாதாடுவது? நம் இயக்கத்தின் தொடக்கத்தை நினைத்துப் பார்த்தால் இக்கேள்வியின் கனம் விளங்கும். 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. அவ்வாண்டே காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கம் ஏற்பட்டது. அக்காலத்துக் கிராமச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பின் மேல் அமைந்தவை. சங்கம் கடன்பட்டால் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சொத்தைக் கொண்டு பதில் சொல்ல வேண்டும். பொறுப்பேற்றவர் யாவரும் ஒரே தெருக்காரர். அவ்வகைச் சங்கத்திற்கு நம் முன்னோர் ‘நாணய சங்கம்’ என்று பெயரிட்டார்கள். பணத்திற்கும் நேர்மைக்கும் ஒரே சொல். அந்த நாணயத்திற்கு இணையாகத் திரைக்குப் பின்னால் எவர் இருக்கிறார் என்று இன்றைய அங்கத்தினர் கேட்பாரானால், அவர் பாட்டனார் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறார்.

இக்கேள்விக்குச் சட்டத்தில் ஒரு விடை உண்டு. வாடிக்கைக்காரரின் அனுமதியின்றி மின்னணு வழியில் போன பணத்திற்கு எவர் பொறுப்பு என்பதை ரிசர்வ் பாங்கு 2017-ஆம் ஆண்டு ஜூலையில் வணிக பாங்குகளுக்கும், டிசம்பரில் கூட்டுறவு பாங்குகளுக்கும் வரையறுத்தது. பாங்கின் குற்றத்தால் போயிற்று எனில் நஷ்டம் முழுவதும் பாங்கினுடையது. பாங்கின் குற்றமும் இல்லை, வாடிக்கைக்காரர் குற்றமும் இல்லை, இடையில் வேறெங்கோ நேர்ந்த கோளாறு எனில், செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அவர் தாங்க வேண்டியது அதிகபட்சம் ரூ. 10,000. குற்றம் வாடிக்கைக்காரருடையதே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் பாங்கின் மேல் வைக்கப்பட்டது. நம் அங்கத்தினரில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? அழகிய பெண் ஒருத்தி கைபேசியைப் பார்த்துச் சிரிக்கும் படத்திற்குப் பதிலாக இவ்விதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டியிருந்தால், பாங்குகள் இன்னும் பலரைத் தம்பால் ஈர்த்திருக்கும் என்பது நம் எண்ணம்.

அவ்விதியிலேயே மற்றொரு பக்கமும் உண்டு. நாம் இப்பாடத்தை எழுத முற்பட்டது அதன் பொருட்டே. இரகசிய எண்ணைப் பிறருக்குத் தந்ததனால் நேர்ந்த நஷ்டம் எனில், பாங்கிற்குத் தெரிவிக்கும் வரையில் போனது முழுவதும் வாடிக்கைக்காரருடையதே. இப்போது நம் தெருக்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பயத்தினால் தாம் தொடாமல், அங்கத்தினர் கைபேசியை மகனிடம் நீட்டுகிறார். மகன் இல்லாதபோது பக்கத்துக் கடைப் பையனிடம். சில இடங்களில் சங்கத்துக் குமாஸ்தாவிடமே. இரகசிய எண்ணை வாயால் சொல்கிறார், அல்லது பாஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைக்கிறார். அவர் இணையவழிப் பாங்கை ஏற்றவரும் அல்லர், மறுத்தவரும் அல்லர். ஆபத்து முழுவதையும் ஏற்றுக்கொண்டு, சட்டம் தரும் காப்பை மட்டும் கைவிட்டவர் அவர். தயங்கி விலகியிருப்பவரைக் காட்டிலும் இவருக்காகவே நாம் கவலைப்படுகிறோம்.

மோசக்காரன் தேடி வருவதும் இவரைத்தான். ‘பி.எம். கிசான் தவணை வந்திருக்கிறது, இதைத் திறவுங்கள்’ என்று வாட்ஸப்பில் ஒரு கோப்பு வரும். திறந்தால் கைபேசியே பிறர் வசமாகிவிடும். ‘பணம் அனுப்புகிறேன், இரகசிய எண்ணைப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒருவன் இனிமையாகப் பேசுவான். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. இந்த ஒன்றைத் தாமே பத்து முறை செய்து பழகியவர் ஏமாறுவது அரிது. பிறர் கையால் செய்வித்தவருக்கு இவ்வேறுபாடு தெரிய வழியே இல்லை.

ஆகவே, விரும்புவோர் அயோவா விவசாயியைப் போல் ஒரு சிறு துண்டில் விதைத்துப் பார்க்கட்டும். வைப்புத்தொகை உள்ள கணக்கை விட்டுவிட்டுத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. அதில் ஐந்நூறோ ஆயிரமோ. முதல் மாதத்தில் இருப்பைப் பார்ப்பது மட்டும். பிறகு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது. பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைத் திரையில் காணும் வசதி யு.பி.ஐ.யில் இருப்பது போல, நெப்ட் முறையிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு பணித்தது. அப்பெயரை வாய்விட்டுப் படித்த பின்னரே விரல் வைத்தல் நலம். தவறான கணக்கிற்குப் போன பணத்தை, அங்குள்ளவர் இசையாமல் திரும்பப் பெறுவது எளிதன்று. கைபேசி எண் மாறினால் அன்றே பாங்கில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். நெடுநாள் பணம் கட்டாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விடும், பாங்கின் செய்திகளும் அவருக்கே போகும்.

சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கூலி நாளில் அங்கத்தினர்கள் எப்படியும் கூடுகிறார்கள். ஏற்கெனவே பழகிய அங்கத்தினர் ஒருவரை அன்று ஒரு மணி நேரம் அமர்த்தி, பிறருடைய கைபேசியைத் தாம் தொடாமல், அவரவர் விரலாலேயே செய்யப் பழக்கலாம். தொடாமலிருத்தல் இங்கு முக்கியம். தம் பாங்கில் இன்று நடைமுறையில் உள்ள நஷ்டப் பொறுப்பு விதியைக் காரியதரிசி எழுத்தில் கேட்டுப் பெற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பணம் களவு போனால் உடனே தெரிவிப்பதற்குரிய 1930 என்னும் எண்ணையும் அதன் கீழ் எழுதிவைக்கலாம். குமாஸ்தாக்கள் அங்கத்தினரின் இரகசிய எண்ணைக் கேட்கவோ காதால் வாங்கவோ கூடாது என்று பஞ்சாயத்தார் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதும் தகும். நல்லெண்ணத்தோடு உதவிய குமாஸ்தாவே நாளை சந்தேகத்திற்கு ஆளாவதினின்று அது அவரையும் காக்கும்.

படிப்பு வட்டத்தில் இப்பாடத்தை வைத்துப் பேசும்போது, பெண் அங்கத்தினர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்குமாறு கோருகிறோம். கணக்கு அவர்கள் பெயரில் இருக்கிறது. கூலி அவர்கள் நெய்தது. அக்கணக்கோடு இணைந்த கைபேசி எவர் கையில் இருக்கிறது? பாங்கிலிருந்து செய்தி வரும்போது அதை முதலில் படிப்பவர் யார்? தறி போட்டவரும் இரகசிய எண்ணை அறிந்தவரும் ஒருவரேயாக இருக்கும் வீடுகள் உங்கள் சங்கத்தில் எத்தனை என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள்.