கோழிக்குஞ்சுகளைக் கூட்டுக்கு மாற்றும் முன்…

மார்த்தாண்டம் பக்கம் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. வீட்டுக்குள் பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுகளை அவசரப்பட்டு வெளியே விடாதீர்கள்.

1. இறகு முழுதாக முளைக்கட்டும். 5, 6 வாரம் ஆகும். பஞ்சு ரோமம் ஈரத்தைத் தாங்காது.

2. கடைசி வாரம் இரவிலும் பல்பை அணையுங்கள். குளிருக்குப் பழகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் இன்னும் நாளாகவில்லை என்று பொருள்.

3. முதல் சில நாள் வெயில் நேரத்தில் மட்டும் வெளியே விட்டு, மாலையில் உள்ளே எடுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டும் வாரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

4. கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். பெரிய கண் வலையில் பாம்பு நுழையும். கதவுக்குத் தாழ்ப்பாள் கட்டாயம். ரப்பர் தோட்டத்து மரநாய்க்குச் சும்மா சாத்திய கதவு ஒரு பொருட்டே அல்ல.

5. உமியோ மரச்சீவலோ பரப்பி, நனைந்ததை உடனே மாற்றுங்கள். ஈரத்தில்தான் இரத்தக்கழிச்சல் பரவும்.

6. பெரிய கோழிகளோடு உடனே சேர்க்காதீர்கள், கொத்தும். நடுவில் வலை வைத்து ஒரு வாரம் பார்த்துப் பழகட்டும்.

7. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பாக்கி இருந்தால் கால்நடை மருந்தகத்தில் முன்பே கேட்டுப் போடுங்கள். வந்தபின் மருந்து கிடையாது.