கலந்தாய்வுக் காலம்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதத்தில் வந்துவிடும். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பது அன்று மாலைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பது தெரிவதற்கு ஜூலை, ஆகஸ்டு ஆகிவிடுகிறது. இந்த இடைப்பட்ட நாட்களைப் பற்றி எந்தப் பாடநூலிலும் பாடம் இல்லை. சென்ற கோடையில் என் அக்கா பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருந்தபோது வீட்டில் நாங்கள் அனைவருமே அவளோடு காத்திருந்தோம். அப்பொழுது கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றை, இன்னும் இரண்டு ஆண்டுகளில் அதே இடத்தில் நிற்கப்போகும் நமக்காக எழுதுகிறேன்.

முதலில் கட்-ஆஃப் என்ற சொல்லைப் பார்ப்போம். ஒரே சொல்லை இரண்டு பொருளில் வழங்குவதால்தான் பாதிக் குழப்பம். ஒரு மாணவி தன் மதிப்பெண்ணிலிருந்து கணக்கிட்டுக்கொள்வது ஒரு கட்-ஆஃப். சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் மற்றொரு கட்-ஆஃப். முதலாவது மொத்தம் 200க்கு. கணிதத்தில் பெற்ற 100க்கான மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக, 50, 50 என்று சேரும். கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால், 96, 44, 45 சேர்ந்து 185. இதிலிருந்து, கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் போகும் இரண்டுக்குச் சமம் என்பது விளங்கும். தமிழும் ஆங்கிலமும் இந்தக் கணக்கில் வருவதில்லை. எங்கள் தமிழாசிரியைக்கு இதில் மிகுந்த வருத்தம், எனக்கும்தான்.

185 என்ற ஒரே எண்ணில் எத்தனையோ பேர் நிற்பார்கள். அவர்களில் யார் முன், யார் பின்? கணிதத்தில் அதிகம் பெற்றவர் முன். அதுவும் சமமானால் இயற்பியல். இப்படியே பார்த்துக்கொண்டு போய், பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை தருகிறார்கள். எல்லாமே சமமாகிவிட்டால், ஒவ்வொருவருக்கும் கணினி முன்னதாகவே வழங்கிய பத்து இலக்க ரேண்டம் எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண் வந்த அன்று பக்கத்து வீட்டு மாமி அதைக் கூட்டிப் பார்த்து, “ஆறு வருகிறது, நல்ல எண்” என்றார். அக்காவுக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

காத்திருப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. பாட்டி படித்த காலத்தில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு. 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபின் அது போயிற்று. பாட்டி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களாம். தொழிற்படிப்புகளுக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. சித்தி அதை எழுதியவர். 1997இல் ஒற்றைச் சாளர முறை தொடங்கிய பின், கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் அழைத்தார்கள். சித்தியும் தாத்தாவும் இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போனார்கள். அங்கே திரையில் கல்லூரி வாரியாகக் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருக்குமாம். “நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் நினைத்த இடம் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைந்து போயிற்று” என்று சித்தி இன்றும் சொல்வார். பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியது. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் தேர்வு. 2018இலிருந்து பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. இரவுப் பேருந்து இல்லை.

பெண் என்பதற்காகவே காத்திருக்க வேண்டியிருந்த காலமும் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் தரச் சொன்ன பிறகே சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் மருத்துவராக வெளிவந்தார். அவருக்கு மதிப்பெண் தடையாக இருக்கவில்லை.

இனி, எங்கள் வீட்டில் உண்மையாகவே சண்டை மூண்ட விஷயத்துக்கு வருகிறேன். தரவரிசை எண் வந்தபின் மாணவி தன் விருப்பப் பட்டியலைக் கணினியில் வரிசையாகப் பதிய வேண்டும். அக்காவுக்கு மின்னணுவியல் படிக்க ஆசை. அவள் முதலில் எழுத நினைத்த கல்லூரிக்குச் சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் அவளுடையதைவிட அதிகம். “கிடைக்காததை முதலில் எழுதி முதல் விருப்பத்தை வீணாக்காதே. பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போடு, அது நிச்சயம் கிடைக்கும்” என்றார் அப்பா. இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேச்சே இல்லை. அக்கா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இடம் ஒதுக்கும் முறையைப் படித்துப் பார்த்தபோது அப்பாவின் அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று தெரிந்தது. கூடத்தில் புளியங்கொட்டைகளை வைத்து நாங்கள் போட்ட கணக்கு இது. அ, ஆ, இ என்று மூன்று கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் ஓர் இடம். தரவரிசையில் மேரி முதலாவது, கயல்விழி இரண்டாவது, பாத்திமா மூன்றாவது. மேரியின் விருப்பம் ஆ, அ, இ. கயல்விழிக்கு அ, ஆ, இ. பாத்திமாவுக்கு அ, இ, ஆ. கணினி முதலில் மேரியின் பட்டியலை எடுத்து, மேலிருந்து பார்த்து ஆவைக் கொடுக்கும். அடுத்துக் கயல்விழியின் பட்டியல். அ காலியாக இருப்பதால் அவளுக்கு அது. பாத்திமாவுக்கு அ இல்லை. அடுத்துள்ள இ கிடைக்கும்.

இப்பொழுது கயல்விழி பயந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ‘அ பெரிய கல்லூரி, மேரி எடுத்துவிடுவாள்’ என்று தானே முடிவுகட்டி, இ என்பதை முதலில் எழுதுகிறாள். அவளுக்கு இ கிடைக்கும். அவளுக்குப் பின்னால் நின்ற பாத்திமாவுக்கு அ கிடைக்கும்! பாத்திமாவோ முதல் கணக்கில் அவைக் கேட்டுப் பெறாததால் எதையும் இழக்கவில்லை. அவளுக்கு அடுத்தது அப்படியே காத்திருந்தது. ஒருவரின் முறை வரும்போது அவர் பட்டியல் முழுவதும் பார்த்து முடித்த பிறகே அடுத்தவரிடம் போகிறார்கள். எனவே முதல் விருப்பம் வீணாவது என்பதே கிடையாது. பட்டியல் குட்டையாக இருப்பதுதான் ஆபத்து. அத்தனையும் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காது.

அப்பா கொட்டைகளைத் தாமே இரண்டு முறை நகர்த்திப் பார்த்தார். பிறகு, “சரி, உன் இஷ்டப்படி எழுது. பக்கத்து ஊரும் கீழே இருக்கட்டும்” என்றார். நாற்பதுக்கு மேற்பட்ட விருப்பங்களை அன்று இரவு உட்கார்ந்து எழுதினார்கள்.

பெற்றோருக்குப் பணக்கவலை தனி. இதற்குள் கலைக் கல்லூரி ஒன்றில் பாதுகாப்புக்காகப் பணம் கட்டிவிடலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. மாணவர் விலகினால் எவ்வளவு கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. பணம் கட்டுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின்னும் வேலை முடிவதில்லை. குறித்த நாட்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைநழுவிப் போகும். ‘இதை ஏற்கிறேன், பட்டியலில் இதற்கு மேலுள்ள ஒன்று காலியானால் அதைத் தாருங்கள்’ என்றும் பதில் தரலாம். அக்காவுக்கு முதலில் ஒன்பதாவது விருப்பம் வந்தது. அவள் இந்தப் பதிலைக் கொடுத்தாள். சில நாட்களில் ஆறாவது விருப்பமாக எழுதிய கல்லூரியில், அவள் கேட்ட மின்னணுவியலே கிடைத்தது.

சாதிச் சான்றிதழை மட்டும் தேர்வுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் தோழியரே. முடிவு வந்தபிறகு இ-சேவை மையத்துக்குப் போனால் அங்கேயும் ஒரு வரிசை நிற்கிறது.