மறுத்தலும் விரட்டலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

அகராதியில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு நேரே ஐந்தாறு ஆங்கிலச் சொற்கள் இருந்தால், அவற்றுள் எதையும் எடுத்துக் கொள்ளலாம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது தவறு என்று எனக்கு உணர்த்தியது வகுப்பறை அன்று, எங்கள் நொச்சிக்குப்பம்.

2023 ஏப்ரலில், கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிச் செல்லும் லூப் சாலையின் ஓரத்து மீன் கடைகள், உயர்நீதிமன்ற உத்தரவையடுத்து அகற்றப்பட்டன. குப்பத்து மக்கள் மறியல் செய்தனர். அப்போது நான் பள்ளி மாணவன். "நீதான் எங்கள்ள இங்கிலீஷ் படிக்கிற புள்ள, ஒரு மனு எழுதிக் குடுப்பா" என்று பெரியவர்கள் என்னிடம் வந்தனர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

"கடையை எடுக்கச் சொன்னபோது இணங்க மறுத்து நின்றோம்" என்பதே அவர்கள் சொன்னது. நான் அகராதியைப் புரட்டி, கம்பீரமாக இருக்கிறதே என்று 'ரிபல்ஸ்' என்னும் சொல்லைப் போட்டு எழுதினேன். மனுவைப் படித்துப் பார்த்த சட்டக் கல்லூரி அக்கா ஒருவர் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "தம்பி, தாக்க வந்த படையை அடித்துத் துரத்தியதற்குத்தான் இந்தச் சொல் வரும். அதிகாரிகளை அடித்து விரட்டினோம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்களே!" என்றார். எனக்கு வியர்த்து விட்டது. ஒரு சொல் ஒரு குப்பத்தையே கூண்டில் ஏற்றியிருக்கும் அன்றோ?

அன்று முதல் இச்சொற்களின் வேரைத் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. தேடியதில் கிடைத்தவற்றை நண்பர்களுக்கு இங்கே தருகிறேன்.

'ரிபெல்', 'ரிபல்ஸ்' இரண்டும் 'தள்ளு' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. பின்னோக்கித் தள்ளுவது ரிபெல். வெளியே தள்ளுவது எக்ஸ்பெல். முன்னே தள்ளுவது ப்ரொபெல். விசைப்படகின் ப்ரொப்பெல்லர் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று நாம் படிப்பதும் இந்த ரிபெல்தான். அவற்றின் இடைத்தொலைவைப் பாதியாக்கினால் விலக்கு விசை 4 மடங்காகும் என்பது கூலும் விதி. தமிழெழுத்தில் எழுதும்போது 'ரெபல்' என்னும் சொல்லோடு இதைக் குழப்பிக் கொள்ளலாகாது. அது 'போர்' என்னும் வேரிலிருந்து வந்தது. கலகம் செய்வதைக் குறிக்கும்.

'ரிஜெக்ட்' என்பதன் வேர் 'எறி'. கைக்கு வந்ததைத் திருப்பி எறிவது அது. மருந்தை உள்ளே எறியும் இன்ஜெக்ஷன் இதன் உடன்பிறப்பு. ஆகவே மனுவை ரிஜெக்ட் செய்யலாம்; பொறுக்கி எடுக்கும்போது கெட்ட மீனையும் ரிஜெக்ட் செய்யலாம்.

'ஸ்பர்ன்' பழைய ஆங்கிலச் சொல். காலால் எட்டி உதைப்பது அதன் பழம்பொருள். அதனால்தான் அதில் இகழ்ச்சி தொனிக்கிறது. 'எவிக்ட்' என்பதன் வேர் 'வெல்'. குடியிருப்பவரைச் சட்டத்தின் துணையால் வென்று வெளியேற்றுவது.

'ரெஸிஸ்ட்' என்பதன் வேரோ 'நில்'. எதிர்த்து நிற்பது, அவ்வளவே. மின்தடையை நினைத்துப் பாருங்கள். அது மின்னோட்டத்தைத் திருப்பி விரட்டுவதில்லை. தன்னிடத்தில் இருந்தபடியே அதன் போக்கைக் கடினமாக்குகிறது. எங்கள் மனுவுக்கு வேண்டியிருந்த சொல் இதுவே. கேட்டதற்கு 'முடியாது' என்பதைக் குறிக்கும் 'ரெஃப்யூஸ்' என்பதும் பொருந்தியிருக்கும்.

இத்தகைய நுட்பம் ஆங்கிலத்துக்கே உரியது என்று எண்ண வேண்டா. நம் புறப்பொருள் வெண்பாமாலை போரைத் திணை திணையாகப் பிரிக்கிறது. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்பது கரந்தை. படையெடுத்து வருபவனை எதிர்த்து நிற்பது காஞ்சி. முற்றுகையிட்டவனிடமிருந்து மதிலைக் காப்பது நொச்சி. மீட்டல், எதிர்த்தல், காத்தல் மூன்றுக்கும் மூன்று பூக்கள்! எங்கள் ஊரின் பெயரிலேயே காவலுக்குரிய பூ இருப்பதை அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. நொச்சி இலையைப் புகைத்தால் கொசு ஓடும் என்பது வீட்டுப் பெண்கள் அறிந்த செய்தி. கொசுவிரட்டிக்கு ஆங்கிலத்தில் 'ரிப்பெல்லென்ட்' என்று பெயர். பூவும் இலையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன!

ஆனால் இது வெறும் சொல் விளையாட்டு அன்று. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது மீனவர்கள் எதிர்த்து நின்றனர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைக்கும் வழி வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் சொன்னதும் அதே 1985-இல்தான். எவிக்ட் என்னும் ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் அடங்கியிருக்கிறது.

2024 ஆகஸ்டில் லூப் சாலையில் 366 கடைகள் கொண்ட மீன் அங்காடி திறக்கப்பட்டது. இக்கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் செதிலைச் சுரண்டியபடியே கேட்டுவிட்டு, "எத்தினி வார்த்தை இருந்தா இன்னாடா, எல்லாத்துக்கும் எய்ந்திரிச்சுப் போறது நாங்கதானே!" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஊரில் ஒரு மனு, ஒரு நோட்டீசு, ஒரு விண்ணப்பம் என்றால் நம்மைத்தான் தேடி வருவார்கள். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எழுதிவிடாமல், அதன் வேரையும் அது வழங்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துக் கொள்வோம். கையெழுத்திடப் போகிறவர்கள் நம்மை நம்பி, படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள்.