எண்ணும் சொல்லும்

நுழையும்முன்

கருவில் வளரும் குழந்தையின் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் ஆற்றலை அறிவியல் நமக்குத் தந்துள்ளது. அந்த எண்ணின் பொருளைப் பெற்றோருக்கு எவ்வாறு எடுத்துரைப்பது?

மனித உடலின் உயிரணுவில் இயல்பாக 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு பால் குரோமோசோம்கள். பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இவை சரிவரப் பிரியாவிடில், ஆண் குழந்தைக்கு எக்ஸ் ஒன்று கூடுதலாக அமைந்துவிடுவதுண்டு. இதுவே கிளைன்ஃபெல்டர் நிலை. ஏறத்தாழ 600 ஆண் குழந்தைகளுள் ஒருவருக்கு இஃது அமைகிறது. பெற்றோர் செய்த பிழை எதுவும் இதற்குக் காரணமன்று.

தாயின் குருதியில் கலந்துள்ள, நஞ்சுக்கொடியிலிருந்து வந்த டி.என்.ஏ. துணுக்குகளை ஆராய்ந்து இந்நிலை இருக்கக்கூடும் என ஐயுறலாம். கருவுற்று 15 வாரங்களுக்குப்பின் பனிக்குட நீரைச் சிறிதளவு எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை ஆராய்ந்தே உறுதி கூறுவர்.

ஆய்வறிக்கையில் 47 என்னும் எண் வந்தால், சொல்லின் பொறுப்பு தொடங்குகிறது. குறைபாடுள்ள குழந்தை என்று மட்டும் கூறினால் அச்சமே மிஞ்சும். கவலைப்பட ஒன்றுமில்லை என்பதோ உண்மையை மறைப்பதாகும். சிலருக்குப் பேச்சும் படிப்பும் தாமதப்படலாம், பயிற்சி துணைசெய்யும். பருவ வயதில் ஆண்பால் இயக்குநீர் குறையலாம். அதற்கு மருத்துவம் உண்டு. பெரும்பாலோருக்கு இயற்கையாக மகப்பேறு வாய்ப்பதில்லை. அறிவுத்திறன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பலர் தம் நிலையை அறியாமலே வாழ்நாளைக் கழிக்கின்றனர். இவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறி, முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே விடுவது மரபணு ஆலோசனை.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், குரோமோசோம் குறைபாடு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே இவ்வாய்வை அனுமதிக்கிறது. பாலினம் அறிவதற்காகச் செய்வதைத் தடுக்கிறது. பால் குரோமோசோம் பற்றிய பேச்சில் பாலினமும் வெளிப்படக்கூடும் என்பதால், ஆலோசகர் சட்டத்தின் எல்லையை உணர்ந்தே பேச வேண்டும். ஆய்வின் விளைவுகளை விளக்கி, தாய்க்குப் புரியும் மொழியில் எழுத்துவழி இசைவு பெற வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தமிழ் மட்டுமே அறிந்த தாய் தெளிந்து முடிவெடுக்க வேண்டுமெனில், இவ்வறிவியல் அவரிடம் நல்ல தமிழில் சென்றுசேர வேண்டும். உங்களுள் சிலர் நாளை அப்பணியை ஏற்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

இந்நிலையின் அறிகுறிகளை 1942இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் விவரித்தார். கூடுதல் எக்ஸ் குரோமோசோமே காரணம் என்பதை 1959இல் பட்ரீசியா ஜேக்கப்ஸ், ஜான் ஸ்ட்ராங் ஆகியோர் கண்டறிந்தனர்.