பனிக்காலத்தில் வீட்டுக்கோழிக்கு எந்தத் தீனி?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையின் போக்கை அறிந்தவர்கள், புரட்டாசியில் படுத்து, கார்த்திகையில் மாலை போட்டவர்களின் விரதத்தால் மேலும் மந்தப்படும் நாட்டுக்கோழி விலை, பொங்கலை ஒட்டியும் பிறகு யுகாதியை ஒட்டியுமே நிமிர்கிறது என்பதை அறிவார்கள். ஆகவே நல்ல விலைக்காகச் சேவலையும் விடலையையும் நிறுத்தி வைத்திருப்பவர், வருஷத்திலேயே குளிர் மிகுந்த வாரங்களில்தான் அவற்றுக்கு ஆகாரம் போட வேண்டியவராகிறார். அந்த ஆகாரத்தை விலை கொடுத்து வாங்கினால் லாபம் அதிலேயே கரைந்துபோகும் என்பதால், வீட்டைச் சுற்றியும் கொல்லையிலும் கிடைப்பவற்றுள் எதைத் தேர்ந்துகொள்வது என்ற கேள்வி இந்தப் பிரதேசத்தில் பலருக்கும் எழுகிறது.

முதலில் குளிர்காலம் கோழிக்கு எதைக் குறைக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். பனி விலகும்வரை கூட்டைத் திறக்க மனம் வராததால் மேய்ச்சல் நேரம் சுருங்குகிறது. குளிர்ந்த மண்ணில் புழு பூச்சிகளின் நடமாட்டமும் குறைகிறது. அதே சமயத்தில் இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் கோழிக்கு, இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனதாகையால், புரதத்தின் தேவை கூடுகிறது. தானியம் அறுவடையாகும் பருவம் இது, மாவுச்சத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் புரதத்துக்குத்தான் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். ஆனால் ஒன்று: நல்ல முட்டையிடலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 14 மணி நேர வெளிச்சம் வேண்டியிருக்க, மார்கழியில் நம் பகல் 11½ மணி அளவே நீள்வதால், எத்தகைய தீனியாலும் முட்டை முழுவதுமாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

தானியத்தில் ராகிக்கு இந்த மண்ணில் போட்டியே இல்லை. ஆடியில் விதைத்த மானாவாரி ராகி கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும்போது, அடித்துத் தூற்றிய இடத்தில் சிந்திக் கிடக்கும் மணிகளையும் தாளுக்கடியில் ஒளிந்திருக்கும் பூச்சிகளையும் கோழிகளே கிளறித் தின்பது செலவில்லாத மேய்ச்சல். அறுவடையான வயலில் கோழியை விட இடமிருப்பவர் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் ராகியில் புரதம் நூற்றுக்கு 7 பங்கு அளவுதான். முட்டையிடும் கோழிக்கு வேண்டியதோ 16 பங்கு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த தானியம் என்ற கீர்த்தியும் மனிதர் விஷயத்தில் பொருந்துமே ஒழிய, தீனியில் நூற்றுக்கு 3½ பங்கு சுண்ணாம்புச் சத்தை வேண்டும் முட்டைக்கோழிக்கு, அதில் பத்தில் ஒரு பங்கு அளவே தேறும் ராகி போதாது. கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

புரதத்துக்காக இன்று எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அசோலா. தொட்டி கட்டி, தார்ப்பாய் விரித்து, சாணமும் மண்ணும் கரைத்து வளர்க்கும் இந்த நீர்ப்பெரணியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கோழி அதை ஆவலாகத் தின்கிறது, முட்டைக் கருவின் நிறமும் கூடுகிறது. ஆனால் உலர்ந்த அசோலாவில் புரதம் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு என்று சொல்பவர்கள், பச்சையாக அள்ளும் அசோலாவில் நூற்றுக்கு 93 பங்கு அளவு தண்ணீர்தான் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கிலோ பச்சை அசோலாவில் கிடைக்கும் புரதம் 15 கிராம் அளவே. அதே 15 கிராம் புரதத்தை 70 கிராம் கொள்ளு தந்துவிடுகிறது. குளிரில் அசோலாவின் வளர்ச்சி மந்தப்படுவதையும் கூட்டிப் பார்த்தால், ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர் தொடரலாம், கோழிக்காகவே மார்கழியில் புதிதாகத் தொட்டி கட்ட வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கொள்ளை நான் முதன்மையாகச் சொல்வதற்கு அந்தப் புரதக் கணக்கு ஒன்று மட்டும் காரணமல்ல. புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் விதைத்தால் பனியைக் குடித்தே விளைந்துவிடும் பயிர் இது. சென்ற வருஷத்துக் கொள்ளு அநேக வீடுகளில் மூட்டையிலேயே இருக்கும். பச்சைக் கொள்ளில் புரதம் ஜீரணமாவதைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால், இரவே ஊறவைத்து, காலையில் விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் தோல் நழுவி உள்ளே மாவாக மசியும் பதத்துக்கு வேகவைத்து, ஆறிய பிறகே போட வேண்டும். இரண்டு பங்கு ராகிக்கு ஒரு பங்கு கொள்ளு என்று கலந்தால் புரதம் நூற்றுக்கு 12 பங்கு அளவுக்கு உயர்கிறது. மீதியை மேய்ச்சலும் கீரையும் நிரப்ப வேண்டும்.

கீரையில் முருங்கையே முதல். ஆனால் குளிரில் இலையை உதிர்த்துவிட்டு நிற்பது அதன் சுபாவமாகையால், ஐப்பசியிலேயே கொத்துக்கொத்தாக ஒடித்து நிழலில் உலர்த்தி, உள்ளங்கையில் நொறுங்கும் பதத்தில் டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்வது நல்லது. பட்டுப்புழு வளர்ப்பவர்களின் அண்டையில் இருப்பவர்களுக்கு மல்பெரி இலை அதற்கு ஈடானது. தோட்டத்தில் மருந்து அடித்த நாளை விசாரித்த பிறகே அதைத் தொட வேண்டும். அகத்தி மாட்டுக்கும் ஆட்டுக்கும் உத்தமமான தழையாயினும் கோழிக்கு ஒவ்வாதது. சூபாபுலிலும் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. இந்த இரண்டையும் விலக்கிவிடுவதே க்ஷேமம். ஓசூர்ப் பசுமைக்குடில்களின் ரோஜாக் கழிவையும் அவ்வாறே விலக்க வேண்டும். நெடுஞ்சாலையோரத்து வண்டிப் பட்டறைகளில் எண்ணெய் சிந்திய மண்ணில் முளைத்த புல்லிலும் கோழியை மேயவிடக் கூடாது.

குஞ்சுகளுக்குக் கரையானுக்கு நிகரானது வேறில்லை. பழைய பானைக்குள் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், ஓலை ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் தட்டிக் கொட்டும் அளவுக்கு ஏறியிருக்கும். பட்டுக்கூட்டிலிருந்து நூலெடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழு உலர்ந்த நிலையில் பாதிக்கு மேல் புரதம் உள்ளது. ஆனால் கொழுப்பு மிகுதியால் விரைவில் சிக்கடிக்கும், அளவு மீறினால் முட்டையிலும் வாடை ஏறும். ஆலைக் கேன்டீன்களில் மீந்த சோறு இலவசமாகக் கிடைத்தாலும், உப்பும் எண்ணெயும் கலந்த குழம்புச் சோற்றைப் போடுவதைவிடச் சும்மாயிருப்பதே மேல். பனி ஈரத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் அஃப்லடாக்ஸின் என்னும் நஞ்சின் காரணமாகக் குப்பையில் கொட்டுவதற்கு ஒருபோதும் தயங்கக் கூடாது.

காலையில் கூடு திறந்ததும் கீரையை மட்டும் போட்டு மேய விட்டு, ராகியும் கொள்ளும் கலந்த தீனியை வளர்ந்த கோழி ஒன்றுக்கு 30 முதல் 50 கிராம் வீதம் அடையும் நேரத்துக்குச் சற்று முன்பாகப் போடுவதே உசிதம். அது இரவெல்லாம் ஜீரணமாகும்போது உண்டாகும் உஷ்ணம் உடலைக் காக்கும். அடைந்த பிறகு கழுத்தடியில் இரைப்பையை விரலால் தொட்டுப் பார்க்கலாம்: உருண்டு நிறைந்திருந்தால் அளவு சரி, தளர்ந்திருந்தால் மறுநாள் ஒரு பிடி கூட்ட வேண்டும், காலையிலும் கல்லாக நின்றால் அன்று தானியத்தை நிறுத்திவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரும் கீரையும் மட்டும் கொடுக்க வேண்டும்.